விழாமலே உடைந்தது

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “எங்க விழுந்தீங்க?” என்றுதான். நான் எங்கும் விழவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவின் மோட்டாரில், அவளுக்குப் பின்னால், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். மோட்டாரும் சாயவில்லை, அவளும் விழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே என் முதுகெலும்பு நொறுங்கியது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கிளினிக்கில் முதலில் பார்த்த மருத்துவருக்கே அது தோன்றவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போகிற பெண்கள் மலேசியாவில் நம் கெடா மாநிலத்தில் நிறையப் பேர். அவர்களில் யாராவது ஒருத்திக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரேயடியாக உட்கார முடியாது. கொஞ்சம் எழுதுவேன், எழுந்து நடப்பேன், மறுபடி வந்து எழுதுவேன்.

என் பெயர் பிலோமினா. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு வாங்கி அதில் தனியாக இருக்கிறேன். ஸ்டெல்லா என்னைவிட நான்கு வயது இளையவள். கணவர் இறந்த பிறகும் மெர்போக்கில், ரப்பர் மரங்களை ஒட்டிய அவருடைய வீட்டிலேயே இருந்தாள். ஒரே மகன் அந்தோணி தெற்கே தூரத்தில், ஜொகூரில் வேலை செய்கிறான். ஸ்டெல்லாவுக்குக் கருவாட்டு வியாபாரம். தஞ்சோங் டாவாய் மீனவக் கிராமத்துக்குப் போய் நெத்திலியும் கருவாடும் வாங்கி, சுங்கை பட்டாணித் தாமான்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நம் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுடைய கருவாட்டில் மண் கடிபடாது என்று எல்லாரும் சொல்வார்கள்.

நான் ஓய்வு பெற்றதும் அவளோடு சேர்ந்துகொண்டேன். அவள் மெர்போக்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி தஞ்சோங் டாவாய்க்குப் போவாள். தேவையில்லாத அலைச்சல். “நான் பஸ்ல மெர்போக் வந்துடுறேன் ஸ்டெல்லா” என்று சொன்னதற்கு, “அதுவரைக்கும் நான் யார்கூட பேசுறது?” என்றாள்.

அவள் பேசுவதற்காகவே மோட்டார் ஓட்டினாளோ என்று எனக்குத் தோன்றும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தலையை லேசாகத் திருப்பி, காற்றைவிட உரக்கக் கத்திப் பேசுவாள். மருமகள் சமைத்த குழம்பு, கோயிலில் பாட்டுக்குழுவில் நடந்த சண்டை, செத்துப்போன கணவர் மீது அவளுக்கு இன்னும் தீராத ஒரு கோபம், எல்லாம் அந்தச் சாலையில்தான் வெளியே வரும். நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டு வருவேன். வீட்டில் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு பேச்சு வராது. அவள் சாலையைப் பார்க்கவேண்டும், நான் அவள் முதுகைப் பார்க்கவேண்டும். அப்போதுதான் வரும்.

எனக்கு முழங்கால் வலி பல வருடமாக இருந்தது. காலைத் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போடும்போது உயிர் போகும். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலேயே இரு என்று விட்டுவிட்டுப் போய்விடுவாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பெண் பழுப்பு நிறத்தில் மாத்திரை விற்றாள். பொட்டலத்தில் ஒரு வேரின் படம் மட்டும்தான் இருந்தது. “மூலிகைதான் அக்கா, ஒண்ணும் பண்ணாது” என்றாள். வாங்கிச் சாப்பிட்டேன். சில நாளிலேயே வலி பறந்துவிட்டது. சிறு பெண்போல மோட்டாரில் ஏறினேன். முகம்கூட உருண்டையாக, பளபளப்பாக ஆனது. பூசை முடிந்து வெளியே வரும்போது, “ரிட்டயர் ஆனதும் ஒங்களுக்கு மொகம் நெறஞ்சிருச்சு” என்று பாராட்டினார்கள். மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா சீட்டை மாற்றினாள். பழைய சீட்டு கிழிந்து, மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. குஷன் கடையில் கொடுத்து, உள்ளே இருந்த பஞ்சை வெட்டித் தாழ்த்தி, மேலே புது உறை தைத்து வாங்கி வந்தாள். கறுப்பு உறை, ஓரத்தில் சிவப்பு நூல். அவள் குள்ளம். இத்தனை வருடம் நுனிக்காலில் நின்றுதான் மோட்டாரை நிறுத்துவாள்.

“பாருக்கா, ரெண்டு காலும் முழுசா தரையில நிக்குது லா!” என்று வாசலிலேயே காட்டினாள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பின் பக்கம் பஞ்சு இருப்பதாகவே தெரியவில்லை. உறைக்கு அடியிலேயே பலகை இருப்பதுபோல் இருந்தது.

“எப்படிக்கா? குத்தலையே?”

“இல்ல. நல்லாருக்கு” என்றேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தச் சீட்டில் போனேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போகும்வரை கையாட்டிவிட்டுத்தான் சுவரைப் பிடிப்பேன்.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. தஞ்சோங் டாவாயில் வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பினோம். முன் பக்கத்துக் கூடை நிறைந்துவிட்டதால் ஒரு மூட்டையை என் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தேன். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பிடியைப் பிடிக்கக் கை இல்லை. அந்தோணியின் மனைவி இரண்டாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். “பொண்ணா பொறந்தா அம்மா பேர வைக்கணும்னு சொல்லிட்டேன். அந்தோணி சிரிக்கிறான் கா, பழைய பேராம்...” என்று ஸ்டெல்லா கத்திச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரு கம்போங் கிராமத்தைத் தாண்டும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே புதிதாக போங்கோல் போட்டிருந்தார்கள். வண்டிகள் மெதுவாகப் போவதற்காகத் தாரில் போடுகிற மேடு. முந்தின வாரம் அங்கே அது இல்லை. வெள்ளைக் கோடும் இன்னும் அடிக்கவில்லை. தாரோடு தாராகக் கிடந்தது. ஸ்டெல்லா பார்க்கவில்லை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியபோது நான் சீட்டைவிட்டு மேலே போனேன். திரும்பக் கீழே வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த குச்சியை முறிப்பதுபோல ஒரு சத்தம். காதால் கேட்டதா உடம்புக்குள் கேட்டதா தெரியாது. மூச்சு நின்றுவிட்டது.

“சாரிக்கா! போங்கோல பாக்கல! வலிக்குதா?”

“இல்ல... போ” என்றேன். எப்படிச் சொன்னேனோ.

கருவாடு கொடுக்கவேண்டிய வீடுகளுக்கெல்லாம் போய்விட்டுத்தான் என்னை இறக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் பக்கத்துக் கிளினிக்குக்கு நானே மெதுவாக நடந்துபோனேன். “விழுந்தீங்களா?” என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு, களிம்பு கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மோட்டார், போங்கோல், சீட்டு எதையும் நான் சொல்லவில்லையே.

அடுத்த நான்கைந்து நாளும் படுக்கையிலிருந்து எழுவதற்கு அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தேன். பிறகு ஒருநாள் காலையில் இரண்டு தொடையிலும் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு. காலைத் தரையில் வைத்தால் தரை இருப்பதே தெரியவில்லை. பயந்துபோய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து என்னைப் பார்த்த ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

“அன்னைக்கா? போங்கோல்லயா?”

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

பெரிய மருத்துவமனையில் அவசரப் பிரிவை நிறத்தால் பிரித்திருப்பார்கள். உயிருக்குப் போராடுகிறவர்களுக்குச் சிவப்பு, காத்திருக்கக்கூடியவர்களுக்குப் பச்சை, நடுவில் உள்ளவர்களுக்கு மஞ்சள். என்னை மஞ்சளில் வைத்தார்கள். பலகைபோன்ற ஒன்றில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் படத்தைக் கணினியில் காட்டினார். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சின்னச் சின்னக் கட்டைகள். அதில் இடுப்புக்குச் சற்று மேலே ஒன்று, காலால் மிதித்த பால் டின் மாதிரி முன்பக்கம் நசுங்கியிருந்தது. “மாடியிலிருந்து விழுந்தவர்களிடம் இப்படிப் பார்ப்போம். மோட்டார் சீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்கிறீர்களே” என்று மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டார். ஸ்டெல்லா என் தலைமாட்டில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ‘மோட்டார்’ என்ற வார்த்தை வரும்போதெல்லாம் அந்த ஹெல்மெட்டை வேறு கைக்கு மாற்றினாள்.

வார்டில் முதல் விதி, நானாகத் திரும்பக்கூடாது. நொறுங்கிய எலும்பின் துண்டு பின்னால் நகர்ந்து நரம்புத்தண்டை அழுத்தினால் கால் போய்விடும். அதனால் மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதிகள் மூன்று பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேராக இருக்கும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல் உருட்டுவார்கள். கவிதா என்ற தமிழ் மிஸ்ஸி எண்ணிக்கை சொல்லுவார். படுத்தபடியே சாப்பாடு, படுத்தபடியே மற்றதெல்லாம். அறுபது வயதை நெருங்கும்போது இன்னொருவர் துடைத்துவிடப் படுத்திருப்பது எலும்பு வலியைவிடக் கஷ்டம். கவிதா மிஸ்ஸி அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல், தன் வீட்டுப் பூனையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். அந்த நன்றியை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பெண்டாங்கிலிருந்து வந்த ரொகாயா என்ற மலாய் அம்மா, எல்லாருக்கும் மாக்சிக். வயல்காரக் குடும்பம். கல்யாண விருந்து ஒன்றில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கணவரின் மோட்டாரில் திரும்பி வரும்போது பின் சீட்டில் தூங்கிப்போய், வளைவில் நழுவி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். அவர் கணவர் தினமும் பலகாரத்தோடு வருவார். வந்த நிமிஷத்திலிருந்து மாக்சிக் அவரைத் திட்டுவார். மெதுவாக ஓட்டத் தெரியாதா, நான் விழுந்தது தெரியாமல் எவ்வளவு தூரம் போனாய், அடுத்த தடவை என்னைச் சாரோங்கால் உன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டு என்று வார்டே சிரிக்கும்படி திட்டுவார். பாக்சிக், அதாவது அவர் கணவர், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மாக்சிக்கின் முறியாத காலைப் பிடித்துவிட்டு, நேரமானதும் லேசான முகத்தோடு வீட்டுக்குப் போவார்.

ஸ்டெல்லாவும் தினமும் வந்தாள். கஞ்சி கொண்டு வருவாள், தலை வாரிவிடுவாள். “வலிக்குதாக்கா?” என்பாள். “இல்ல” என்பேன். பிறகு இரண்டு பேரும் மாக்சிக் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு அப்படித் திட்டத் தெரியவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் அவளும் அந்த பாக்சிக் மாதிரி வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

வார்டில் சேர்ந்து சில நாளில் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை. வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றிப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் கவிதா மிஸ்ஸி ரத்த அழுத்தம் எடுத்துவிட்டு, மறுபடி எடுத்துவிட்டு, ஓடினார். எனக்குக் குரல்கள் எல்லாம் தூரத்தில் கேட்டன. யாரோ திரையை இழுத்தார்கள். ஜெபமாலை எங்கே என்று தேடினேன், கை அசையவில்லை. கால் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், இப்போது ஆளே போய்விடுவேன் என்று நினைத்தேன்.

அந்த இளம் மருத்துவர்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த நீல நிறக் கன்றல்களைப் பார்த்தார். “ஆன்ட்டி, வீட்டில் ஜாமு, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? வலிக்கு? வெளியே வாங்கின மாத்திரை?” என்று மலாயில் கேட்டார். மூலிகையை மருந்து என்று நான் நினைக்காததால், வார்டில் சேரும்போது மருந்து ஏதும் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போது தலையசைத்தேன். ஸ்டெல்லாவை வீட்டுக்கு அனுப்பி மாத்திரையை எடுத்துவரச் சொன்னார்கள். அவள் வருவதற்குள்ளேயே நரம்பில் ஊசி ஏற்றிவிட்டார்கள்.

தெளிந்த பிறகு மருத்துவர் விளக்கினார். அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி ஒன்று நமக்கு வேண்டிய அளவு ஸ்டீராய்டைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து நிறைய வந்துகொண்டே இருந்தால் அது வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். வார்டுக்கு வந்ததும் என் மாத்திரை நின்றது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அதனால்தான் அழுத்தம் அப்படி விழுந்தது. இனி டாக்டர் தருகிற அளவில் சாப்பிட்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்தச் சுரப்பியை எழுப்பவேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. இன்னொன்றும் சொன்னார். அதே மாத்திரைதான் என் எலும்பை அரித்திருக்கிறது. வயதினால் ஏற்கெனவே மெலிந்திருந்த எலும்பு, இதனால் நன்றாகப் பொரிந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. முகம் நிறைந்துவிட்டது என்று எல்லாரும் பாராட்டியது வீக்கம்.

மருத்துவர் ஸ்டெல்லாவைப் பார்த்து, “நல்ல எலும்பாக இருந்தால் அந்த மேட்டில் உடைந்திருக்காது. நீங்கள் ஓட்டியதை மட்டும் காரணமாக நினைக்காதீர்கள்” என்றார். ஸ்டெல்லா “தெரிமா காசே டாக்டர்” என்று நன்றி சொன்னாள். அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாத்திரைப் பொட்டலம் இன்னும் அவள் கையில் இருந்தது.

“முட்டி வலிக்கா இத சாப்ட்ட?”

“ம்.”

“எனக்கு முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?”

“சொன்னா நீ என்னைய ஏத்தமாட்ட.”

அவள் பொட்டலத்தை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: “நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? நீ ஏறுறப்பல்லாம் கண்ணாடியில ஒன் மொகத்தத்தான் பாப்பேன். கால தூக்கிப் போடறதுக்குள்ள பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்ப. அப்பறம் நீ சட்டுன்னு ஏறுனதும் வலிய மறைக்கிறன்னுதான் நெனச்சேன். அதுக்குத்தான் சீட்ட வெட்டுனேன்.”

எனக்குப் புரியவில்லை. “ஒனக்குக் கால் எட்டலன்னுதானே?”

“எனக்கு முன்னாடி வெட்டுனா போதும். குஷன் கடைக்காரரு அதத்தான் சொன்னாரு. பின்னால வெட்டாத, ஆள் ஏறுவாங்கல்ல, கெராஸ் ஆயிடும், கல்லு மாதிரி இருக்கும்னாரு. நான்தான், இல்ல தவுக்கே, அக்காவுக்கு முட்டி வலி, பின்னாலயும் தாழ்த்து, அவ சுலுவா ஏறட்டும்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவரு வேணாம்னாரு கா. நான்தான் வெட்டச் சொன்னேன்.”

அவள் தலையைத் தொடவேண்டும்போல் இருந்தது. ஆனால் நானாகத் திரும்பக்கூடாது. கையை நீட்டினேன். அவள் இருந்த பக்கம் ஊசி குத்திய கை. பாதி தூரம்தான் போனது. அதற்குள் மிஸ்ஸி வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார்.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குகைபோன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கவேண்டும். தகர டப்பாவைத் தட்டுவதுபோல் சத்தம் விடாமல் வரும். எலும்புத் துண்டு நரம்புத்தண்டுக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தது, ஆனால் அழுத்தவில்லை. அறுவை வேண்டாம் என்றார்கள். மார்பிலிருந்து இடுப்புவரை ஓடுபோல் பூட்டிக்கொள்ளும் ஒரு கவசம் போடவேண்டும். மருத்துவமனைச் செலவு பெரிதாக இல்லை. கவசம் மட்டும் வெளியே வாங்கவேண்டியிருந்தது. அதை அந்தோணி வாங்கிக் கொடுத்தான். அதைப் பூட்டிக்கொண்டு, கவிதா மிஸ்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் முறை நின்றபோது, ரொகாயா மாக்சிக் கட்டிலில் படுத்தபடியே கைதட்டினார்.

என்னை வீட்டுக்கு அழைத்துவர பங்குக் கோயிலிலிருந்து ஒருவர் கார் கொண்டு வந்தார். வீட்டு வாசலில் ஸ்டெல்லாவின் மோட்டாரைக் காணவில்லை.

“மோட்டார் எங்க?”

“வித்துட்டேன்.”

“யார்கிட்ட கேட்டு வித்த?”

“யார்கிட்ட கேக்கணும்? ஏம்மோட்டாரு” என்றாள். கருவாட்டு வியாபாரமும் அதோடு நின்றது.

அவள் மெர்போக் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு தங்கினாள். காலையில் கவசத்தைப் பூட்டுவாள், ராத்திரி கழற்றுவாள், அது உரசிச் சிவந்த இடங்களில் பவுடர் போடுவாள். கால்சியம் நிறைந்த மீனாகப் பார்த்து முள்ளோடு வேகவைத்துக் கொடுப்பாள். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டால் அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்கவேண்டும். அந்த அரைமணியும் பக்கத்திலேயே இருப்பாள். அம்மாகூட என்னை அப்படிப் பார்த்துக்கொண்டது கிடையாது. ஆனால் பேசமாட்டாள். மருமகளைப் பற்றிப் பேசவில்லை, பாட்டுக்குழுவைப் பற்றிப் பேசவில்லை. நான் ஏதாவது ஆரம்பித்தால், “சூப்பு ஆறிடும், குடி” என்பாள். ஒருநாள் துணிந்து, “டாக்டர்தான் சொன்னாங்கல்ல, மாத்திரதான் காரணம்னு” என்றேன். “மாத்திர யாரால சாப்ட்ட? ஏம்மோட்டார்ல ஏறத்தானே” என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க வெளியே போனாள். துணி இன்னும் காய்ந்திருக்கவில்லை.

மூன்று மாதம் போல ஆனதும் கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ பெண்தான் எனக்கு நடந்ததைத் தெளிவாகச் சொன்னவர். ஓட்டுகிறவருக்கு மேடு கண்ணில் படும். கைப்பிடியில் பாரத்தைப் போட்டு, காலை ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே, ஒன்றும் தெரியாமல், முழு எடையோடு உட்கார்ந்திருப்பார். அடியைக் குறைக்க அவருக்கு இருப்பது சீட்டின் பஞ்சும், பாதத்துக்குக் கீழே உள்ள கட்டையும், பிடித்துக்கொள்ள ஒரு பிடியும்தான். எனக்குப் பஞ்சு இல்லை. மடியில் மூட்டை இருந்ததால் பிடியும் இல்லை. இனி மோட்டாரே கூடாது, காரில்கூட முன் சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்காருங்கள் என்றார். ஸ்டெல்லா அதையெல்லாம் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அந்தோணிக்குப் போன் போட்டு, ஜொகூருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். குழந்தை பிறக்கப் போகிறது, மருமகளுக்குத் துணை வேண்டும் என்றாள். அதுவும் உண்மைதான்.

“மெர்போக் வீடு?”

“மோட்டார் இல்லாம அங்க என்னா செய்யிறது? பூட்டிக் கெடக்கட்டும்.”

“அப்ப இங்கயே என்கூட இரேன்.”

அவள் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். “நீ சுவரப் புடிச்சிக்கிட்டு நடக்குறியேக்கா, அத தெனம் பாக்க முடியல.”

பஸ் நிலையத்துக்கு என்னை வரவேண்டாம் என்றாள். டாக்சியில் போனேன். பஸ் ஏறும் முன்பு என்னைக் கட்டிப் பிடிக்க வந்தவள், எங்கே பிடித்தால் வலிக்குமோ என்று தயங்கி, கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டு ஏறினாள். அவளை இறுக்கிப் பிடித்து, பிடித்தால் ஒன்றும் ஆகாது என்று காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஸ்டெல்லாவுக்குப் பேத்தி பிறந்தது. அம்மாவின் பெயரை வைக்கவில்லை, ஏதோ புதுப் பெயர். சாயங்காலத்தில் ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிடுவாள். குழந்தையைக் காட்டுவாள். குழந்தை தூங்கிவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டியா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.

போன வாரம் ஸ்டீராய்டு மாத்திரையை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். குறைக்கிற நாட்களில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அன்று அவள் கூப்பிட்டபோது நான் கட்டிலில்தான் இருந்தேன். அவள் அடுப்படியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை, தோளும் முதுகில் பாதியும்தான் தெரிந்தது.

“வலிக்குதாக்கா?” என்று கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வலிக்குது ஸ்டெல்லா” என்றேன்.

அவள் கை நின்றது. திரும்பவில்லை.

“எங்க?”

இடுப்புக்கு மேலே என்றேன். ராத்திரி புரண்டு படுக்கும்போது என்றேன். மாத்திரை குறைத்ததிலிருந்து முழங்காலும் திரும்ப ஆரம்பித்துவிட்டது, படி ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன், சில நாள் அழுகிறேன் என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தமுடியவில்லை. அவள் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டே மெதுவாகக் கீரையை ஆய்ந்தாள்.

நான் ஓய்ந்ததும், “இம்புட்டையும் வச்சிக்கிட்டா சும்மா இருந்த?” என்றாள். “நான் ஜொகூர்ல இருந்துகிட்டு என்னக்கா செய்ய முடியும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம்” என்றேன்.

முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு கட்டுக் கீரையைப் பிரித்தாள். “சரி. அழறன்னியே, அதச் சொல்லு” என்றாள்.